என்னிடம் கேட்காத மன்னிப்பு

எண்பதுகளின் நடுவில், வேலை கிடைத்துத் திண்டுக்கல்லுக்கு வந்த புதிது. மகளிர் விடுதியில் என் அறைத்தோழி நத்தத்துப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஊரை நடந்து பாத்தா முடியாதுடி. வாடகைக்கு மொபெட் எடுப்போம், நீதான் ஓட்டுவேல்ல?" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடையில் இரண்டு மொபெட்டுகளும் வாடகைக்கு இருந்தன. "பிரேக் சரியா இருக்கா?" என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக மெதுவாத்தான போவீக? அதெல்லாம் போதும்" என்று சிரித்தார் கடைக்காரர்.

காலையில் மலைக்கோட்டை ஏறி இறங்கினோம். அடுத்து பேகம்பூர் பள்ளிவாசலைப் பார்க்கப் புறப்பட்டோம். வழியில் ஓர் இறக்கம். தோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று சட்டென்று குறுக்கே திரும்பியது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வண்டி நிற்கவே இல்லை. வேறு வழியின்றி, ஒரு வீட்டு வாசலில் கொட்டியிருந்த மணல் குவியலில் கொண்டுபோய் விட்டேன். எனக்குச் சிராய்ப்புதான். கீழே சிக்கிய தோழியின் கை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அவளை விடுதியில் விட்டபின் வண்டியை எடுக்கத் திரும்பிப் போனேன். குனிந்து பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பின் பிரேக் ஒயர் முன்பே அறுந்து, கட்டுக்கம்பியால் முறுக்கி வைக்கப்பட்டிருந்தது. அந்த முறுக்குதான் நழுவியிருக்கிறது. முன் பிரேக்குக்கு ஒயரே இல்லை. தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்!

கடை வரை தள்ளிக்கொண்டே போனதில் முழங்கைச் சிராய்ப்பு திறந்து மறுபடி ரத்தம் வழிந்தது. வண்டியைக் கடைக்காரர் முன்னால் நிறுத்திக் கத்தினேன். "பொம்பள கையில வண்டியக் குடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும்" என்றார் அவர். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர்கூட அந்த ஒயரைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் இன்னொரு மொபெட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் குறுக்கே போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். "பிரேக்கைப் பாக்காம இது போகக் கூடாது" என்றேன்.

"நான் ஓட்டிக்குவேன், நீங்க நகருங்கம்மா" என்றார் அவர் எரிச்சலோடு.

அந்தப் பெண் என் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏறு" என்றார் கணவர்.

"மாட்டேன். மொதல்ல பிரேக்கப் பாருங்க. அப்பறம் ஏறுறேன்."

அத்தனை பேர் முன்னால் மனைவி மறுத்ததில் அவர் முகம் சிவந்துவிட்டது. வேகமாக ஸ்டாண்டைப் போட்டு, பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார். அதுவரை இளித்துக்கொண்டிருந்தவர் கைகூப்பிவிட்டார். "அண்ணே, மன்னிச்சுக்கங்கண்ணே, தெரியாமப் போச்சு. இனிமே இந்த வண்டிகள வெளிய விடமாட்டேண்ணே!"

யாரிடம் கேட்கிறார் பாருங்கள்! ஒரு கீறல்கூடப் படாத அந்த மனிதரிடம். கை முறிந்தவள் விடுதியில் படுத்திருக்கிறாள், ரத்தம் வழிய நான் எதிரிலேயே நிற்கிறேன். என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

தோழியின் கை பிறகு கூடிவிட்டது, லேசான கோணலோடு. விழுந்த பயமும் எனக்கு எப்போதோ போய்விட்டது. அந்தக் கோபம் மட்டும் போகவில்லை, நானும் அதை விரட்டவில்லை. என் பேச்சைக் கேட்காதவர்கள் முன்னால் நான் இன்றும் நகராமல் நிற்கிறேன் என்றால், அந்தக் கோபமும் அன்று வண்டியை விட்டு இறங்கி வந்த அந்தப் பெண்ணும்தான் காரணம்.