போத்தல் அவருக்கு, பிஸ்கட் எனக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கிறிஸ்து பிறந்த நத்தார் அன்று காலையில் ஒரு வழக்கம் இருந்தது. உத்தியோகத்தர்கள் எல்லாரும் பூசை முடிந்த கையோடு, குடும்பமாகத் தோட்டத் துரையின் பங்களாவுக்குப் போக வேண்டும். புல்தரையில் பதவிப்படி வரிசையாக நிற்போம். முதலில் ஆபீசின் பெரிய கிளாக்கர், அடுத்தது ஃபெக்டரியில் தேயிலை ஆக்கும் டீமேக்கரான என் கணவர், பிறகு மற்றவர்கள். துரை வந்து ஆண்களுக்கு ஆளுக்கொரு போத்தல் விஸ்கி கொடுத்துக் கை குலுக்குவார். மனைவிமாருக்கு ஒரு டின் பிஸ்கட்டும் ஒரு தலையசைப்பும். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ரத்தோட்டைக்கு மேலே அந்த மலையில் எங்களுக்கு இன்னும் வெள்ளைத் துரைதான். ஸ்கொட்லாந்துக்காரர்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். பக்தியால் அல்ல, தொழிலால். தினமும் ஃபெக்டரியில் வெள்ளைக் கோப்பைகளை அடுக்கி வைத்து, ஒவ்வொரு தேயிலைச் சாயத்தையும் கரண்டியில் எடுத்து, ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, பக்கத்து வாளியில் துப்புகிற மனிதர் அவர். அந்த நாக்குத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பச்சை வெங்காயத்தைக்கூடக் காலையில் தொட மாட்டார். சாராயமோ விஸ்கியோ பட்டால் நாக்கு மரத்துவிடும் என்று பயம். ஆனால் இனிப்பென்றால் உயிர். என் பிஸ்கட் டின் புதுவருஷத்தைப் பார்த்ததே கிடையாது. எனக்கோ இனிப்பு ஆகாது. போத்தல் மட்டும் அலுமாரியில் சேலைகளுக்குக் காவல் நிற்கும்.

கல்யாணமாகி வந்த முதல் நத்தாருக்குப் பிறகு விடாத மழை. எனக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. விஸ்கியைச் சூடு பறக்கத் தேய்த்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அவர் போத்தலைத் திறந்தார். திறந்தவுடனே முகத்தைச் சுளித்தார்.

"இது புகை பிடிச்ச சரக்கு. கெட்டுப் போச்சு. தூக்கி ஊத்திரு."

தேயிலைக்குப் புகை வாடை என்பது பெரிய குற்றம். தேயிலை காய வைக்கிற அடுப்பில் கொஞ்சம் ஓட்டை விழுந்து, விறகுப் புகை கொழுந்தில் பட்டுவிட்டால் அந்த நாள் தேயிலையே போச்சு. அந்தக் கண்ணால்தான் அவர் விஸ்கியையும் பார்த்தார். நான் போத்தலை வாங்கி மோந்து பார்த்தேன். ஆமாம், புகைதான். ஆனால் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறபோது அடுப்படியில் வருமே, ஈர விறகு காய்ந்து பிடிக்கிற வாசனை, அந்தப் புகை. அதற்கடியில் என்னமோ உப்பு, என்னமோ தேன். நெஞ்சில் தேய்க்க எடுத்ததில் ஒரு கரண்டியை வாயில் விட்டேன். ஃபெக்டரிக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்துப் பழகியவள் அல்லவா, அவரைப் போலவே உறிஞ்சி உருட்டினேன். துப்பத்தான் இல்லை.

"ஊத்த மாட்டேன்," என்றேன். "இது எனக்கு."

அவர் பிஸ்கட் டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், பூசைக்குப் போய் வந்து, சமைத்து, சாப்பிட்டு, அவர் கண்ணயர்ந்த பிறகு, அவருடைய சாயக் கோப்பை ஒன்றில் இரண்டு விரல் அளவு ஊற்றிக்கொள்வேன். மேலே கொஞ்சம் மலைத் தண்ணீர். அதை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை போதும். நத்தாருக்கு வந்த ஒரு போத்தல், ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு தாண்டியும் வரும். வெறிக்காக நான் ஒருநாளும் குடித்ததில்லை. அது வேண்டுமானால் கோப்பை எதற்கு, வாளி போதுமே. எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருஷப் போத்தலும் வேறு. ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் பழைய அலுமாரிப் பலகை. முதல் போத்தலின் புகை மட்டும் மறுபடி வரவே இல்லை. அதை நினைத்து ஏங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சில வருஷங்கள் கழித்து, உத்தியோகத்தர் குடும்பங்களெல்லாம் சேர்ந்து பஸ் பிடித்துக் கடற்கரைக் கோயில் திருவிழாவுக்குப் போனோம். வருகிற வழியில் ஒரு சாராய வடிசாலை. என் வீட்டுக்காரருடைய சித்தப்பா மகன் அங்கே ஆபீசர். ஆண்கள் பார்த்துவிட்டு வரட்டும், பெண்கள் தென்னை நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கட்டும் என்று ஏற்பாடு. நானும் ஆண்களோடு நடந்தேன்.

கொழுந்தன் வாசலிலேயே கையைப் பிசைந்தார். "அண்ணி, உள்ளுக்குச் சரியான சூடு. கள்ளு நாத்தம் வேற. பொம்பளைங்க யாரும் வர்றதில்லீங்க."

"ஃபெக்டரிக்காரர் பெண்சாதிக்குச் சூடு புதுசா தம்பி? வழிய விடுங்க."

உள்ளே போனோம். காலையில் இறக்கிய கள்ளு பெரிய தொட்டிகளில் நுரைத்துக்கொண்டு, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. செம்புக் கொதிகலங்கள் எங்கள் வீட்டை விட உயரம். நெருப்பு, ஆவி, குழாய், குளிர்ந்த தண்ணீர், கடைசியில் ஒரு நூல் மாதிரித் தெளிவாக வந்து விழுகிற சாராயம். பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாகிற வித்தையைத் தினம் பார்த்தவள் நான். இது அதன் உடன்பிறப்பு என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. கடைசிக் கூடத்தில் சாராயத்தை முதிர வைக்கிற ஹல்மில்ல மரப் பீப்பாய்கள் இருட்டில் வரிசையாகக் கிடந்தன. அந்த வாசனைக்கு முன்னால் சாம்பிராணி தோற்றது.

கொழுந்தன் மரியாதைக்காக, இருப்பதிலேயே பழைய பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸில் கொஞ்சம் எடுத்து முதலில் எனக்கு நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்ர்ர்ர் என்று ஒரே உறிஞ்சாக உறிஞ்சி, வாய்க்குள் இடமும் வலமும் உருட்டி, ஓரத்துச் சாக்கடையில் துப்பினேன்.

கொழுந்தன் முகம் செத்துப்போனது. ஒரு வீட்டில் போட்ட விருந்துச் சோற்றை முற்றத்தில் துப்பினால் எப்படியோ, அப்படி. தேயிலைக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் துப்பி ருசி பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. நல்லா இருந்தாத்தான் துப்புவா. அடுத்தத ஊத்துங்க."

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. கடைசிப் பீப்பாயில் தேங்காய்ப்பாலும் கருகிய சீனியும் சேர்ந்த ஒரு வாசனை. அதைத் துப்ப எனக்கு மனம் வரவில்லை, விழுங்கிவிட்டேன். அதற்குப் பிறகு வருஷா வருஷம் திருவிழா முடிந்து அங்கே போனோம். எனக்கென்று ஒரு எனாமல் கோப்பையைக் கொழுந்தன் தயாராக வைத்திருப்பார், துப்புவதற்கு.

பஸ்ஸில் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய கிளாக்கர் அம்மா, அதாவது அவருடைய மனைவி, ஆரம்பித்து வைத்தார். ஆனால் கதை வேறு மாதிரிப் போயிற்று. ஒரு பெண் தானாக விரும்பி விஸ்கியை ருசிப்பாள் என்று யாருக்கும் யோசனையே போகவில்லை. டீமேக்கர் குடிகாரர், பெண்சாதிக்கும் பழக்கிவிட்டார் என்றார்கள். எங்கள் குசினியில் காலி விஸ்கிப் போத்தல்களில்தான் மண்ணெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கும். வருகிறவர்கள் அதை வேறு பார்த்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்பனியின் பெரிய ஃபெக்டரி ஒன்றுக்குத் தலைமை டீமேக்கர் வேண்டியிருந்தது. துரை இவரைத்தான் சிபாரிசு செய்வதாக இருந்தார். என் வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட இடம் அது. ஒருநாள் மதியம் ஆபீசிலிருந்து வந்தவர், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"தொரை கேட்டாரு, நீ குடிக்கிறியாமே, நாக்கு என்னாகும்னு. இல்லைன்னேன். அப்ப நான் குடுக்கிற போத்தல யாரு குடிக்கிறதுன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல."

"ஏன்? நான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கிளாக்கர்மாரெல்லாம் இருக்கிற எடத்துல ஒம் பேர எப்படி இழுக்கிறது? போனாப் போகுது. இந்த ஃபெக்டரிக்கு என்ன கொறைச்சல்?"

எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் வரும். அழுகையும் வந்தது. இத்தனை நாளாக என் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் தன் பெயரால் மூடி வைத்திருக்கிறார். ஒரு சொட்டுப் படாத அந்த நாக்குக்குக் குடிகார நாக்கு என்று பட்டம்! நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டேன். பின்வாசல் வழியாகப் பங்களாவுக்குப் போகவில்லை. எல்லாரும் வேலையில் இருக்கிற நேரத்தில், நேரே ஆபீசுக்கே போனேன். பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார். துரை நிமிர்ந்து பார்த்தார்.

"சேர், எங்க வீட்டுக்காரர் குடிக்கிறதில்ல. நீங்க குடுக்கிற போத்தல் எல்லாம் நான்தான் குடிக்கிறேன். அவர் பிஸ்கட் சாப்பிடுவாரு."

துரை தன் தோட்டத் தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் நல்லா இருந்திச்சா?"

"எல்லாம் ஒரே மாதிரி இல்லைங்க, சேர். மொத வருசம் ஒன்னு குடுத்தீங்க, புகை வாசம், உப்பு. அதுக்கப்புறம் அது வரல. அதுதான் எனக்குப் பிடிச்சது."

துரையின் முகம் மாறிப்போனது. "அது எங்க ஊர்ச் சரக்கு," என்றார். "கடலுக்குப் பக்கத்தில. செடி மக்கின சேத்து மண்ணை வெட்டிக் காய வைச்சு, விறகு மாதிரி எரிப்பாங்க, அந்தப் புகை. இங்க யாருக்கும் பிடிக்கலன்னு நிறுத்திட்டேன்." அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. நான் கும்பிட்டுவிட்டு, வந்த வாசல் வழியாகவே திரும்பி நடந்தேன். முதுகில் எத்தனை கண் பட்டதோ, நான் தலை குனியவில்லை.

என் வீட்டுக்காரருக்கான சிபாரிசுக் கடிதம் போய்விட்டது என்று நத்தாருக்கு முன்பே தெரிந்தது. அந்த நத்தார் காலையிலும் புல்தரையில் வரிசையாக நின்றோம். துரை பெரிய கிளாக்கருக்குப் போத்தலும் அவர் மனைவிக்கு டின்னும் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். பிஸ்கட் டின்னை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் முன்பு ஒரே ஒருமுறை பார்த்த அந்த லேபலோடு ஒரு போத்தலை என்னிடம் நீட்டி, கையையும் நீட்டினார். நான் குலுக்கினேன். போத்தலை முந்தானைக்குள் மறைக்கவில்லை. லேபல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் அம்மா திறந்த வாயை மூடவில்லை. என் வீட்டுக்காரர் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் டின்னைத் திறந்து, முதல் பிஸ்கட்டை அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. இது என்னோடது."