புழக்கடையில் ஒரு முழுக்குத் தொட்டி

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் குளிக்கிற தொட்டி கட்டலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஆண்கள். தண்ணீர் சேந்துகிறவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற தெம்பு அப்போது எனக்கு இல்லை என்பதுதான் உண்மை.

தொட்டி என் நாத்தனாருக்காக. என் வீட்டுக்காரருக்கு மூத்தவள், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள். விடியும் முன்பே ஏரிக்குப் போய், மதகடிப் படியில் இறங்கி முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு திரும்புவாள். மழையானாலும் பனியானாலும் அது மாறாது. தை மாதத்தில் ஒருநாள் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. கட்டுப் போட்டவர் தன்னால் ஆனதைச் செய்தார். ஆனாலும் ஒரு கால் குட்டையாகிவிட்டது. கோல் ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவாள், அவ்வளவுதான்.

தினமும் அவளைக் கிணற்றடிக் கல்லில் உட்கார வைத்து நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். "ஊத்திக்கிறதெல்லாம் ஒரு குளியலா பொண்ணே? முங்கினாத்தான் தல பாரம் எறங்கும்" என்பாள். என்னைக் குறை சொல்கிற பேச்சல்ல அது. கத்திரி வெயில் பிறந்ததும் தலை பாரம் தாங்காமல் பாயில் புரண்டுகொண்டே கிடந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸ் போய்வந்தார். அங்கே தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் பங்களாத் தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டார். வந்ததிலிருந்து அதே பேச்சு.

"நாலு பேரு உக்காரலாம். கய்த்து மட்டும் தண்ணி நிக்கிது. அக்காவுக்கு அப்டி ஒண்ணு கட்டிட்டா ஏரி இன்னாத்துக்கு?"

அக்கா மேல் அவருக்கு நிஜமான பாசம். அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பங்களாவில் குழாய் இருந்திருக்கும், திருகினால் தண்ணீர் கொட்டியிருக்கும். எங்கள் தெருவுக்குக் கரண்டே வரவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரு கிணறு, ஒரு கயிறு, நான். கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும். அண்டா ஒன்றை நிரப்புவதற்குள் தோள் கழன்று கையில் வந்துவிடும்போல இருக்கும். கழுத்து மட்டும் தண்ணீர் என்றால் எத்தனை அண்டா என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கழனி வேலைக்கு வரும் ஆட்களைச் சேந்தச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அவர்கள் நாற்று நடலாம், கதிர் அறுக்கலாம், மூட்டை தூக்கலாம். வீட்டுக் கிணற்றின் கயிற்றைத் தொடக்கூடாது. அப்படி ஒரு புத்தி அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது, தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தது. அந்தப் புத்தி அவர்களை வாசலோடு நிறுத்தியது, என்னைக் கிணற்றடியில் கட்டிப்போட்டது.

கொத்தனார் வந்தார். இடம் தேடுவதற்கே நாலைந்து தடவை வரவேண்டியிருந்தது. முருங்கை நிழல் குளுமையாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். கம்பளிப்பூச்சி தண்ணீரில் விழும் என்றார் கொத்தனார். கிணற்றடியில் வைத்தால் அழுக்குத் தண்ணீர் கிணற்றுக்கே ஊறும். மாட்டுக் கொட்டகைப் பக்கம் சாணி. வைக்கோல் போரை நகர்த்தவும் மனசில்லை. கடைசியில் மிஞ்சியது நான் துணி துவைத்து, நெல் அவித்துக் காயப்போடுகிற இடம். அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இனி நெல்லை எங்கே காயவைப்பேன் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கட்டி முட்ச்சதும் எறங்கிட முடியாதுங்க. சிமெண்டு ஊறணும். தண்ணி கட்டி வெக்கணும், காரம் போவுற வரைக்கும் மாத்தி மாத்தி எறச்சிக் கொட்டணும்" என்றார் கொத்தனார்.

"அதுக்கு இன்னா, ஊத்திட்டாப் போவுது" என்றார் என் வீட்டுக்காரர்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் அதைக் கேட்டேன். ஊற்றிவிட்டால் போகிறதாம்! யார் ஊற்றுவது? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், கால் போனவளுக்குத் தண்ணீர் வார்க்க வலிக்கிறது இவளுக்கு என்று தெருவே பேசும். அண்ணியே அப்படி நினைத்துவிட்டால்? அதுதான் என்னைத் தடுத்தது. சோறு வடித்தேன், மாட்டுக்குக் கழுநீர் வைத்தேன்.

அஸ்திவாரம் தோண்ட நாள் பார்த்த அன்று என் மாமனாரின் தம்பி வந்தார். வீட்டில் எல்லாருக்கும் அவர் சின்ன நைனா. அவர் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடிக்கமாட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கேட்டார்.

"கட்றது செரி. இதுல யாரு மொதல்ல எறங்கறது?"

என் வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை. "அக்காவுக்குத்தானே நைனா கட்றோம்?"

"அதாண்டா கேக்கறேன். தெனம் புதுத் தண்ணி ரொப்ப முடியுமா? ஒரு வாட்டி ரொப்புனா ரெண்டு மூணு நாளு நிக்கும். வூட்டு ஆம்பள எறங்கற தண்ணில புருசன் இல்லாதவ காலைல மொதல்ல முங்கிட்டுப் போனா நல்லாவா கீது? நீயும் புள்ளிங்களும் எறங்கிடுங்க. அவ கடைசியா எறங்கட்டும்."

என் வீட்டுக்காரர் இல்லை நைனா என்று சொல்வார் என்று நினைத்தேன். "செரி, கடைசியாவே எறங்கட்டும்" என்றார்.

கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. பின்வாசலில் நின்றிருந்த என்னைத் தாண்டி அண்ணி படியிறங்கி, நேராகப் புழக்கடைக்கு நடுவில் போய் நின்றாள். சின்ன நைனா எதிரில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏரில நான் எறங்கறப்ப முன்னாடி எறங்கு, பின்னாடி எறங்குன்னு ஒருத்தரும் சொன்னதில்லடா. நீங்கல்லாம் முங்கி எழுந்த அழுக்குல முங்கறதுக்கா எம் பேரைச் சொல்லித் தொட்டி கட்ற? எனக்கு வோணாம். என்னை ஏரிக்கி அனுப்பு."

"கால் இப்டி கீதே, எப்டிக்கா போவ?"

"வண்டில அனுப்பு."

"தெனம் வண்டி பூட்டுனா மாடு ஏருக்கு வோணாமா? பேஜாரு பண்ணாதக்கா."

சிமெண்டும் செங்கல்லும் வாங்கத் துணிந்த மனுஷனுக்கு ஒரு பெண்பிள்ளை குளிக்க வண்டி பூட்ட மனசு வரவில்லை. அண்ணி கோலை ஊன்றி அங்கேயே நின்றாள், உள்ளே திரும்பவில்லை. ஒரு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று உள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தவள், அப்போது வாயைத் திறந்தேன்.

"நான் இட்டுக்கினு போறேன்."

எல்லாருக்கும் நிம்மதி. என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். கொத்தனார் அளவுக் கயிற்றைச் சுருட்டினார். சின்ன நைனா மோர் கேட்டார். என் தோளைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஒரு மாதமாகத் தவித்தேன். கடைசியில் அதையே அண்ணியின் கைக்குக் கீழே கொடுத்துவிட்டேன். என் மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் இருட்டு பிரியும்போது கிளம்பினோம். ஒரு கையில் கோல், ஒரு கை என் தோளில். அவள் பாரம் முழுவதும் என் மேல்தான். நாலு வீடு தாண்டுவதற்குள் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது, அவளுக்கும் எனக்கும். திரும்பி வந்து அடுப்பு மூட்டவேண்டும், பால் கறக்கவேண்டும், கழனிக்குக் கூழ் அனுப்பவேண்டும். எல்லாம் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகைகூட வந்தது.

மதகடியில் மட்டும் ஆழமாகத் தண்ணீர் நின்றது. பாசி இல்லாத படியாகப் பார்த்து ஒவ்வொன்றாக இறக்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் அண்ணி என் தோளை விட்டுவிட்டாள். தண்ணீரே அவளைத் தாங்கிக்கொண்டது. குட்டைக் கால் எது, நல்ல கால் எது என்று தெரியாமல் நின்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள், எழுந்தாள், மறுபடி முழுகினாள். முகத்தில் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தாள்.

"இன்னா நின்னுக்கினு கீற? நீயும் முங்கு."

"நேரமாவுது அண்ணி. வூட்ல வேலை கெடக்குது."

"கெடக்கட்டும். முங்கு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து எல்லாரும் குளித்து முடித்த பிறகு, அண்டாவில் மிச்சமிருப்பதை அவசரமாக மேலே ஊற்றிக்கொள்வதுதான் என் குளியல். அதுவரை அதைப் பற்றி யோசித்ததுகூட இல்லை. முழுகினேன். காது அடைத்தது. வீட்டுச் சத்தம் எதுவும் அங்கே இல்லை. யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. மூச்சு முட்டும்வரை அப்படியே இருந்தேன்.

எழுந்தபோது விடிந்திருந்தது. அண்ணி படியில் கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போலாமா?" என்றாள்.

"இருங்க அண்ணி" என்றேன். "இன்னும் ஒரு வாட்டி."