பானுப்பிரியா விலையைக் குறைக்கவில்லை

நாரணாபுரம் ரோட்டில் பானுப்பிரியாவின் கடைக்கு வந்து, "மிஷின் என்ன வெல?" என்று கேட்பவர்கள் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தமாட்டார்கள். "சரி, எம்புட்டுக் கழிவு?" என்று தள்ளுபடிக் கேள்வியும் ஒட்டிக்கொண்டே வரும். சிவகாசிக்காரர்களை இதில் குற்றம் சொல்லவும் முடியாது. ஆயிரம் ரூபாய் என்று அச்சடித்த வெடிப் பெட்டியை இருநூறுக்கு விற்றும் வாங்கியும் வளர்ந்தவர்கள். பெட்டியில் போட்டிருக்கும் விலை அவர்களுக்குப் பேச்சை ஆரம்பிக்க ஒரு எண், அவ்வளவுதான்.

பானுப்பிரியா ஒன்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் போட்டவள். டிவியில் மாட்டி விளையாடும் கேம் மிஷின் அவள் கைக்கு வந்தது தற்செயல்தான். மேனேஜர் வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய மிஷின் ஒன்றை ஆறாயிரத்துக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் வாடகைக்கு விட்டாள். போட்ட பணம் ஆறே மாதத்தில் வந்துவிட்டது. அப்புறம் இரண்டாவது மிஷின், மூன்றாவது மிஷின், அலமாரி நிறைய டிஸ்க். போன சித்திரையில் கம்பெனியை விட்டு நின்றாள். பி.எப். பணத்தையும் நகையை விற்ற பணத்தையும் போட்டு, தீபாவளி விற்பனைக்கென்று மதுரை டீலரிடம் எட்டுப் புது மிஷின் எடுத்து "பானு கேம்ஸ்" என்று கடையும் போட்டாள்.

கம்பெனி சூப்பர்வைசர் ஒச்சப்பன் நல்ல மனுஷன். "தீபாவளி லீவு முடிஞ்சு கம்பெனி தொறக்குற வரைக்கும் ஒன் எடத்தக் காலியா வைக்கேன் தாயி. அதுக்குப் பெறகு என் கையில இல்ல" என்றார். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் எட்டும் விற்காவிட்டால் நகையும் போய், மறுபடி அதே மேஜை முன்னால் போய் உட்கார வேண்டியதுதான் என்பது அந்த வார்த்தையிலேயே இருந்தது. அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

முதல் கோணலை அவளே செய்தாள். புரட்டாசியில் ஒரு நோட்டீஸ் அடித்தாள்: "அசல் விலை ரூ.1,10,000. ஐம்பது சதவீதத் தள்ளுபடி போக ரூ.55,000." வேறு எந்த ஊர்க்காரியும் இப்படி ஒரு காரியத்தை இவ்வளவு நல்ல மனசோடு செய்திருக்கமாட்டாள். பிரஸ்ஸில் அச்சு மிஷின் ஓட்டும் சுந்தரபாண்டி கடைக்கு வந்து, நோட்டீஸைப் பெட்டியோடு ஒட்டவைத்துப் பார்த்தான்.

"ஏக்கா, பெட்டியில அம்பத்தஞ்சாயிரம்னுதான போட்ருக்கு? நோட்டீஸ்ல மட்டும் எப்பிடி லட்சத்தத் தாண்டுச்சு?"

"நம்ம ஊர் வழக்கந்தானப்பா."

"அது வெடிக்குக்கா. இது நாடு பூராம் ஒரே வெல. போன்ல தட்டுனா வந்துரும்."

ஒரு வாரத்துக்குத் தெருவில் அவளுக்கு "பாதி வெல பானு" என்று பெயர். மிச்சமிருந்த நோட்டீஸை வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

அந்த மானக்கேடு ஆறுவதற்குள் டவுனில் ஒரு பெரிய ஷோரூம் திறந்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு: புது கேம் மிஷின் 39,990 மட்டும், கூடுதல் கன்ட்ரோலர் இலவசம், சலுகை தீபாவளிக்கு முந்தைய நாள்வரை. பானுப்பிரியாவுக்கு டீலர் போட்ட விலையே ஐம்பத்தோராயிரம். போன் போட்டுக் கேட்டதற்கு, அந்த விலை தனக்கே கட்டாது என்று டீலர் கையை விரித்துவிட்டார்.

அவள் புருஷன் மாரிக்கண்ணன் அதே பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "நாப்பதுக்கே தள்ளிவிட்ரு பானு. போனது போகட்டும், மிச்சத்தையாவது கையில பாப்போம்" என்றான்.

பானுப்பிரியா மறுநாள் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, வாங்க வந்தவளைப் போல அந்த ஷோரூமுக்கே போனாள்.

ஒன்பது வருஷம் கிப்ட் பாக்ஸ் போட்ட கை அது. அடியில் அட்டையை மடித்துக் கொடுத்து, மேலே நாலு மத்தாப்பை நிரப்பினால் பெட்டி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெட்டியை இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் உள்ளே என்னவோ குறைந்திருக்க வேண்டும். மிஷினைத் தூக்கினாள், திருப்பினாள், விளிம்போடு விரலை ஓட்டினாள். டிஸ்க் போடும் வாயே இல்லை.

"தம்பி, இதுல டிஸ்க்க எங்கன போடணும்?"

"இது டிஸ்க் இல்லாத மாடல் மேடம். கேம் எல்லாம் நெட்ல வாங்கி ஏத்திக்கலாம்."

"ஒரு கேம் எம்புட்டு வரும்?"

"புதுசுன்னா நாலாயிரத்துக்கு மேல மேடம்."

"வெளாண்டு சலிச்சுப்போனா வேற ஆளுக்குக் குடுத்துட்டு மாத்திக்கிடலாமா?"

"அது முடியாது மேடம்."

பையன் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சொல்லியிருப்பான். விலையைப் பார்த்த சந்தோஷத்தில் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷனை உட்காரவைத்துச் சொன்னாள்: "மிஷின்ல விட்டத கேம்ல பிடிக்காக. அங்க நாலு கேம் வாங்குனா என் மிஷின் வெலையத் தாண்டிரும். எங்கிட்ட பழைய டிஸ்க்கக் குடுத்து நூத்தம்பது ரூவா வச்சா வேற டிஸ்க்கு."

"சரி. அது சனங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒக்காந்து வெளாடும்போது தெரியும்."

மாரிக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. சிவகாசியில் தீபாவளிக்கு முன்னால் உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? கம்பெனியில் ஓவர்டைம், கடைகளில் நிற்க இடமில்லை, லாரி ஆபீஸில் லோடு மேல் லோடு. ஊருக்கெல்லாம் தீபாவளி முடிந்த பிறகுதான் இந்த ஊர் காலை நீட்டும். வெடிக்கடைக்காரர்கள் கையில் காசு நிற்பதும் அப்போதுதான். ஷோரூம்காரர்கள் வெளியூர். அது தெரியாமல் சலுகையைத் தீபாவளியோடு முடியும்படி வைத்திருந்தார்கள்.

கடை வாசலில் அவளும் ஒரு போர்டு எழுதிவைத்தாள்: "மிஷின் ரூ.55,000. கழிவு கிடையாது. டிஸ்க் மாற்ற ரூ.150." சிவகாசியில் கழிவு கிடையாது என்று எழுதுவதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். படித்துவிட்டுப் பலர் சிரித்தபடியே போனார்கள். தீபாவளி வரை ஷோரூமில் நாற்பது மிஷின் போனதாகப் பேச்சு. அவளிடம் ஒன்றுகூடப் போகவில்லை. ஆனாலும் போர்டை அழிக்கவில்லை.

தீபாவளி முடிந்து பதினைந்தாம் நாள், வெடிக்கடை லட்சுமிகாந்தம் வந்தார். ஷோரூமில் முதல் ஆளாக வாங்கியவர் அவர்தான்.

"வீட்டுல பிள்ளைகளுக்கு லீவுல பூராம் வெளாட்டுதாம்மா. நாலு கேம் வாங்கிட்டாக. இருவதாயிரம் போயிருச்சு, இப்ப அதுவும் சலிச்சுப்போச்சாம். அத வந்த வெலைக்குக் குடுத்துட்டேன். ஒன் மிஷினக் காட்டு, பாப்போம்."

மாட்டிக் காட்டினாள். ஒரு டிஸ்க்கை எடுத்து இன்னொன்றைப் போட்டுக் காட்டினாள். அலமாரியில் இருந்த அறுபது டிஸ்க்கையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி, எம்புட்டுக் கழிப்ப?"

"ஒரு ரூவா கழிக்க மாட்டேன் அண்ணாச்சி. இதுல கழிச்சா அத டிஸ்க்ல ஏத்தணும். ஒங்களுக்குத் தெரியாத தொழிலா?"

லட்சுமிகாந்தம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, முழு விலையையும் கொடுத்து வாங்கிப் போனார். போனவர் சும்மா இருப்பாரா? பார்த்த வெடிக்கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். சாத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு லாரி ஓனர் குடும்பத்தோடு வந்தார். கேலி செய்த சுந்தரபாண்டி போனஸ் பணத்தோடு வந்து நின்றான். அவனுக்கும் அதே விலைதான். ஷோரூமிலும் டிஸ்க் மாடலை இறக்கினார்கள். ஆனால் நூற்றைம்பது ரூபாய்க்கு டிஸ்க் மாற்றிக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. கார்த்திகை முடிவதற்குள் எட்டாவது மிஷினும் போய்விட்டது. பொங்கலுக்கு எத்தனை வேண்டும் என்று மதுரை டீலரே கூப்பிட்டுக் கேட்டார்.

பூசை போட்டுக் கம்பெனி திறந்த அன்று காலையில், ஆள் ஏற்றும் வேன் கடைக்கு எதிரே வந்து நின்றது. ஜன்னலில் அவளோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த வள்ளித்தாய்.

"ஏ பானு, வாரியா, இல்லையா? ஒச்சப்பண்ணே கேட்டு வரச் சொன்னாரு."

பானுப்பிரியா ரோட்டைத் தாண்டி வேன் ஓரமாகப் போய் நின்றாள். "என் எடத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லுங்க மதினி. நான் இனிமே வரல."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான். அண்ணனக் கேட்டதாச் சொல்லுங்க."

வேன் வளைவில் திரும்புகிறவரை அங்கேயே நின்றாள். கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்து ஷட்டரை முழுசாகத் தூக்கினாள். பத்து மணிக்கு மதுரையிலிருந்து லோடு வருகிறது. இருபது மிஷின்.