நாலு தடத்துக்கு மூன்று பொட்டு

என் கையெழுத்து கோழி கிளறின இடம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ல போடுவது, எந்த ர போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் மன்னித்து, தப்பைத் தங்கள் மனதிலேயே திருத்திக்கொள்ள வேண்டும்.

என் மகள் படிக்கிற பள்ளியில் சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பையன்களைக் குருளையர் என்பார்கள், பெண் பிள்ளைகளை நீலப்பறவைகள் என்பார்கள். என் மகள் நாலாம் வகுப்பு, நீலப்பறவை. இவர்களுக்கு மரக்கார் பந்தயம் நடத்தினோம். அதை எப்படிச் செய்தோம் என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று டீச்சர் கேட்டார்கள். அளவுகளை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று தப்பாகிப்போனது. அதைச் சொல்லாமல் விட்டால் எழுதியதற்கே அர்த்தமில்லை.

நான் தச்சு வேலை செய்கிறவன். கதவு, ஜன்னல், நிலை, அலமாரி. ஒருநாள் மகளைக் கூப்பிடப் போனபோது டீச்சர் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்கள். சரிந்த பலகையில் சின்னச் சின்ன மரக்கார்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. என்ஜின் இல்லை, தள்ளுகிற ஆளும் இல்லை.

"இந்த மாதிரி பண்ண முடியுமாண்ணா?"

முடியும் என்று தலையை ஆட்டினேன். நான் வெளியாட்களிடம் அதிகம் பேசமாட்டேன். பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டு வருவதுதான் என் வழக்கம்.

"ஒண்ணு மட்டும்ணா. உங்க பொண்ணும் போட்டியில இருக்கா. தடத்தையும் நீங்களே செய்யறீங்க. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாது."

அதற்கு மட்டும் வாயைத் திறந்தேன். "சொல்ல மாட்டாங்கம்மா. நாலு தடமும் ஒண்ணா இருக்கும்."

அன்றிலிருந்து அந்தச் சொல்லைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

மாமரக் கட்டையில் பதினாறு துண்டு, எல்லாம் ஒரே அளவில் அறுத்துக் கொடுத்தேன். சக்கரங்களைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கட்டையைச் செதுக்குவதும் வண்ணம் அடிப்பதும் பிள்ளைகள் வேலை. பெற்றோர் உளி பிடித்துக் கொடுக்கலாம், செதுக்கக் கூடாது என்பது டீச்சர் போட்ட விதி. என் மகளுக்கு நான் உளிகூடப் பிடித்துக் கொடுக்கவில்லை. அவள் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒரு வண்டி செய்தாள். எல்லாரும் ரேஸ் கார் செய்ய, அவள் செய்தது டவுன் பஸ். செவிலிமேட்டிலிருந்து நாங்கள் தினமும் ஏறுகிற பஸ். பக்கவாட்டில் ஜன்னல்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தலை. கடைசி ஜன்னலில் தலைக்குப் பதில் ஒரு கூடை.

"பஸ்ஸு எங்கனா ரேஸுல ஓடுமாடி?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"இது நிக்காத பஸ்ஸும்மா."

அதுவரை அவள் எந்தப் போட்டியிலும் ஜெயித்ததில்லை. என்னைப்போலவே கூச்சம். மேடை என்றால் பின்வரிசைக்குப் போய்விடுவாள். இந்தப் பந்தயத்துக்குத்தான் தானாகப் பேர் கொடுத்தாள்.

தடம் பதினாறு அடி நீளம். தலைப்பக்கம் நாலடி உயரம், கால்பக்கம் தரையோடு தரை. ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் நீளமாக ஒரு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம், அடித்திருந்தேன். வண்டியின் சக்கரங்கள் ரீப்பருக்கு இரண்டு பக்கமும் இறங்கிக்கொள்ளும், அதனால் வண்டி விலகிப் போகாது. வண்டியின் வயிற்றுக்கும் ரீப்பருக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளிதான். மேலே ஒரே குச்சி நாலு வண்டியையும் பிடித்துக்கொண்டிருக்கும். கைப்பிடியை இழுத்தால் குச்சி மடங்கி நாலும் ஒன்றாகக் கிளம்பும். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே வண்டியை நாலு தடத்திலும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

பந்தயம் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில். பெற்றோரில் பாதிப்பேர் நெசவு வீட்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர் பட்டு நிறுக்கிற தராசைக் கொண்டுவந்திருந்தார். அவர் பையனின் வண்டி, தறியில் ஓடுகிற நாடா மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருந்தது. ஒவ்வொரு வண்டியையும் அவரே தராசில் வைத்தார். கிராம் கணக்கில் பட்டு நிறுத்து வாங்குகிறவர் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது. எடை குறைந்த வண்டிக்கு வயிற்றில் இரும்பு வாஷர் ஒட்டிச் சரிக்கட்டினோம். பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் ஒட்ட வேண்டியிருந்தது.

தடத்தை நிறுத்தியதும் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். புது வேலை எதுவானாலும் ஒப்படைக்கும்முன் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பேன். நிலை நிறுத்தினாலும் அப்படித்தான், ஒரு முக்காலி செய்தாலும் அப்படித்தான். வைப்பது ஒற்றைப்படையில்தான். மூன்று வைக்கலாம், ஐந்து வைக்கலாம், இரட்டைப்படையில் வைக்கவே மாட்டோம். பலகையில் வைத்தால் கண்ணில் படாது என்று, உயர்ந்து நிற்கிற ரீப்பரின்மேல், குச்சிக்கு ஒரு முழம் கீழே, கெட்டியாகச் சந்தனம் வைத்தேன். முதல் தடத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. கை தானாக நின்றுவிட்டது. கும்பிட்டுவிட்டுக் கைப்பிடியருகில் போய் நின்றேன்.

நாலு நாலு வண்டியாக நாலு சுற்று, அதில் ஜெயித்த நாலு பேருக்கும் கடைசிச் சுற்று. எந்தத் தடம் என்பதற்குப் பிள்ளைகளே சீட்டு எடுத்தார்கள். முதல் சுற்றில் நாலாவது தடத்து வண்டி ஜெயித்தது. பானெட்டில் தங்கப் பல்லி வரைந்த வண்டி. இரண்டாவது சுற்றிலும் நாலாவது தடம். தராசுக்காரர் சிரித்தார்.

"இன்னாபா, நாலாவது தடம் ராசியா இருக்குது போல!"

மூன்றாவது சுற்றில் என் மகள் சீட்டு எடுத்தாள். நாலு. அவளுக்குப் பக்கத்துத் தடத்தில் தராசுக்காரர் பையனின் நாடா வண்டி. நான் கைப்பிடியை இழுத்தேன். நாடா வண்டி தலையை நீட்டிக்கொண்டு கிளம்பி, ஒரு முழம் போனதும் ஏதோ நினைவு வந்தது போலத் தயங்கியது. பஸ் தயங்கவே இல்லை. கடகடவென்று இறங்கி, முடிவுக்கோட்டைத் தாண்டி, வைக்கோல் மெத்தையில் முட்டிக் குப்புற விழுந்தது.

என் மகள் குதித்தாள். அவள் அப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை. "அப்பா, நிக்காத பஸ்ஸுப்பா! நிக்கவே இல்லப்பா!" என்று கத்தினாள். நானும் ஏதோ கத்தியிருக்கிறேன், என்னவென்று தெரியவில்லை.

நாலாவது சுற்றுக்குச் சீட்டு எடுக்கும்போது சண்டை வந்தது. ஒரு பையனுக்கு இரண்டாவது தடம் வந்தது. அவன் அம்மா, "டீச்சர், நாலாவதுதான் ஜெயிச்சிக்கினே இருக்குது. எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்றார்.

"சீட்டு எடுத்தது அவன்தானேம்மா?"

"ராசின்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

எனக்கு நாடா வண்டியின் அந்தத் தயக்கம் நினைவுக்கு வந்தது. குனிந்து மூன்றாவது தடத்து ரீப்பரின்மேல் விரலை ஓட்டினேன். பொட்டு இருந்த இடத்தில் விரல் ஏறி இறங்கியது. காய்ந்த சந்தனம் கல்லாக நின்றது. அதன் உச்சியில் குங்குமம் தேய்ந்து, வாஷர் உரசின கோடு. இரண்டாவதிலும் கோடு. முதலாவதிலும் கோடு. நாலாவது ரீப்பர் வழவழவென்று இருந்தது.

குனிந்தவன் உடனே நிமிரவில்லை. இது என் ஒருவனுக்குத்தான் தெரியும். இன்னும் ஒரு சுற்று விட்டால் கடைசிச் சுற்று வந்துவிடும். ராசி என்று சொல்லிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கீழே என் மகள் பஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூக்கில் ஒட்டின வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்று டீச்சரிடம் சொன்னது நான்தான். யாரும் சொல்லவும் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

"விடலாமாண்ணா?" என்றார்கள் டீச்சர்.

நான் கையை நீட்டினேன். அவர்கள் கையிலிருந்த மைக்கைக் கேட்கிறேன் என்று முதலில் புரியவில்லை. புரிந்தும் நம்பாமல் கொடுத்தார்கள்.

மைக்கில் என் மூச்சுதான் முதலில் கேட்டது. "தப்பு நடந்துபோச்சு. நான் வெச்ச பொட்டு வண்டியோட வயித்துல இடிக்குது. மூணு தடத்துலதான் பொட்டு. நாலாவதுல இல்ல. அதனாலதான் நாலாவது ஜெயிக்குது. ராசி எல்லாம் இல்ல."

தராசுக்காரர் எழுந்தார். "அப்போ உன் பொண்ணு ஜெயிச்சது?"

"அதுவும் செல்லாது."

கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் எல்லாரும் ஓட்டிப் பார்த்தார்கள். "ஆமாம்பா, இங்க பாரு, டக்குனு இடிக்குது" என்று ஆளுக்கு ஆள் காட்டிக்கொண்டார்கள். மகள் இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை.

"பொட்டுதானே, தொடச்சிட்டு வுடுபா" என்றார் ஒருவர்.

தராசுக்காரரின் மனைவி பதறிப்போனார். "வெச்ச பொட்ட அழிக்கறதா? புள்ளைங்க விளையாடற இடத்துல? நல்லா சொன்னீங்க!"

எனக்கும் அழிக்கக் கை வராது. டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"நாலாவதுக்கும் ஒண்ணு வெச்சிட்டா சரியாப் போச்சு. எல்லாருக்கும் இடிக்கட்டும்" என்றார் தராசுக்காரரின் மனைவியே.

"நாலு ஆயிடும்மா. ரெட்டப்படை ஆவாது" என்றேன். மைக் கையிலேயே இருந்ததால் அதுவும் மைதானம் முழுக்கக் கேட்டது.

"அப்போ அஞ்சாவத உங்க நெத்தியில வெச்சிக்கோங்கண்ணா! தப்பு பண்ணது நீங்கதானே?" என்றார் அந்த அம்மா.

மைதானமே சிரித்தது. தராசுக்காரர் தராசைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். நான் நாலாவது ரீப்பரில் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பிறகு மற்ற மூன்றையும் உளிமுனையால் இலேசாகச் சீவி நாலையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். அழிக்கவில்லை, மட்டம்தான் செய்தேன். ஐந்தாவதை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். அந்த அம்மா கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா" என்றார். பெரிதாக்கினேன்.

பங்குனி வெயிலில் சந்தனம் காய அரைமணி நேரம் பிடித்தது. அதற்குள் எல்லாரும் மோர் குடித்தார்கள். தராசுக்காரரையே கூப்பிட்டு, அவர் பையனின் வண்டியை நாலு தடத்திலும் விட்டுப் பார்க்கச் சொன்னேன். நாலிலும் ஒரே போல இறங்கியது. "இப்போ சரிபா" என்று என் தோளைத் தட்டினார். நாலு சுற்றையும் முதலிலிருந்து விட்டோம்.

என் மகளுக்கு இந்த முறை இரண்டாவது தடம். பஸ் மூன்றாவதாக வந்தது. நாடா வண்டி முதலில் வந்து கடைசிச் சுற்றுக்குப் போனது. கடைசிச் சுற்றில் நாடாவைப் பல்லி வண்டி ஒரு விரல் தூரத்தில் ஜெயித்தது. நானும் கைதட்டினேன்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தோம். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸின் மூக்கு என் முதுகில் குத்திக்கொண்டிருந்தது.

"கோவமாம்மா?"

ஒரு வேகத்தடை தாண்டின பிறகு, "மாமா கல்யாணத்துலகூட மைக்க வாங்கல நீ. இன்னிக்கு மட்டும் ஏம்பா வாங்கின?" என்றாள்.

"சொல்லலன்னா பொய்யாயிடும் இல்லம்மா" என்றேன்.

அழுகிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். அழவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ஜெயிச்சது செல்லாதுதானே?"

"செல்லாது."

"சரி. ஆனா அது போன போக்கு பாத்தியாப்பா? பொட்டு இல்லாம?"

"பாத்தேன்."

"எப்படிப் போச்சு, சொல்லு."

நான் சொன்னேன். கைப்பிடியை இழுத்ததிலிருந்து வைக்கோலில் விழுந்த வரைக்கும் சொன்னேன். குறைத்துச் சொன்ன இடத்தில் அவள் நிறுத்தி, திரும்பச் சொல்ல வைத்தாள். செல்லாத அந்த ஓட்டத்தை வீடு வருகிறவரை இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டே வந்தோம்.

எழுதி முடித்தது சித்திரை மாதம் பத்தாம் தேதி, வேலைக்குக் கிளம்பும்முன்.