வியாழக்கிழமை லிஃப்ட்

மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் குடியிருப்பில் வியாழக்கிழமை காலையானால் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். வாட்ச்மேன் போய் ஜெனரேட்டரைக் கிளப்பும்வரை லிஃப்ட் அந்தரத்தில் நிற்கும். அதனால் அன்று எல்லோரும் படியில்தான் இறங்குவார்கள். குடிவந்த புதிதில் அது தெரியாமல் நான் லிஃப்டில் ஏறிவிட்டேன்.

உள்ளே ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி இருந்தார். நைட்டிக்கு மேல் துப்பட்டா, விரல்களில் காய்ந்த மாவு, கையில் ஒரு சின்ன டப்பா. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றது; மங்கலான எமர்ஜென்சி விளக்கு மட்டும் எரிந்தது. "அய்யோ!" என்று அலாரம் பட்டனை அமுக்கினேன்.

"தமிழுங்களா? கொஞ்ச நேரம் அமுக்காம இருங்களேன்."

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். இரண்டு இட்லி.

"இந்த வயசுல சாப்பிட்டத உடம்பு முன்ன மாதிரி எரிக்காதாமுங்க. காலையில வெறும் டீயோட ஓடாம, உக்காந்து நிதானமா சாப்பிடச் சொல்லியிருக்காரு டாக்டர்."

"வீட்டுலயே சாப்பிடலாமே?"

"ஒரு வாய் வைக்கறதுக்குள்ள யாராச்சும் கூப்பிடுவாங்க. கீழ பெஞ்சுல போய் உக்காந்தா போன் வருது. இங்க டவர் கிடைக்காதுங்க."

எனக்கு மூச்சு முட்டியது. அவரோ ஒவ்வொரு விள்ளலையும் ருசித்து மென்றார். பெரிய விளக்கு எரிந்து லிஃப்ட் நகர்ந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குள்ளயா?"

மிச்சமிருந்த அரை இட்லியோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

அடுத்த வியாழக்கிழமை நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் வாசலில் அதே டப்பாவோடு அவர் நின்றிருந்தார்.

"இன்னைக்கு வியாழக்கிழமைங்க!" என்று பதறினேன்.

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.