சும்மா உட்காரும் வேலை

ரேடியோ எனக்கு இரண்டு வழியில் சொந்தம். என் நாத்தனாருடைய வீட்டுக்காரருக்கு அவள் அக்கா மகள். அது ஒரு வழி. என் சித்தி மகள், எனக்குத் தங்கை முறை, தன் மூத்த பையனுக்கு அவளைக் கட்டிவைத்தாள். அது இன்னொரு வழி. கல்யாணப் பேச்சை ஆரம்பித்தது நாத்தனார், முடித்தது தங்கை, நடுவில் இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

அவளுக்கு நல்ல பேர் ஒன்று இருக்கிறது. யாரும் கூப்பிடுவதில்லை. வந்த வாரத்திலேயே தங்கை ரேடியோ என்று வைத்துவிட்டாள்.

"ஏய் ரேடியோ, கொஞ்சம் சத்தத்தைக் குறை. குக்கர் விசில் என் காதுல விழல."

"மூணு ஆயிடுச்சு அத்தை. பேசிக்கிட்டேதான் எண்ணினேன்."

அப்படி ஒரு மருமகள். வாய் ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும், இரண்டும் வேலையை முடித்துவிட்டு வந்து நிற்கும். பையன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நடுமாடியில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறான். "இவ பேச்சுல மாட்டினா மட்டும் வெளியே வர வழி தெரியல பெரியம்மா" என்பான் என்னிடம். வர அவனுக்கு இஷ்டமும் இல்லை.

அந்தப் பையனுக்குத்தான் நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றுபோகிற நிலைமை வந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷின் எல்லாம் வேறு ஆட்களுக்கு மாட்டியிருந்தது. தொண்டையில் குழாயைச் சொருகி, அதன் நுனியில் ரப்பர் பை ஒன்றை மாட்டி, நர்ஸ் ரேடியோவின் கையில் கொடுத்துவிட்டாள். "அமுக்குங்க, விடுங்க. நீங்க மூச்சு விடுற மாதிரியே. நிறுத்திடாதீங்க." அவ்வளவுதான் பாடம்.

தங்கைக்கு மூட்டுவலி, விரல் மடங்காது. அதனால் ரேடியோவும், தங்கையின் இளைய பையனான அவள் கொழுந்தனும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். தங்கை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தப் பை சுருங்குவதையும் விரிவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாள் கணக்கில் நடந்தது இது.

ஒரு மத்தியானம் தங்கை முகம் கழுவப் போயிருந்தாள். கொழுந்தன் டீ வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன் பார்த்தது இதுதான்: அண்ணி கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண் மூடியிருக்கிறாள், பை கையில் இருக்கிறது, அண்ணன் போய்விட்டான். டீ கீழே விழ, அவன் கத்தினான்: "அண்ணி, தூங்கிட்டீங்களா?"

வார்டு முழுக்கக் கேட்டது. தங்கைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. குத்திக்காட்டவில்லை, சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. எப்படியும் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் ஒருவர் சொன்னார், அவர் அந்த நேரத்தில் அங்கே இல்லை. தங்கை மருமகளை ரேடியோ என்று கூப்பிடுவதை விட்டாள். வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை. "சாப்பாடு இருக்கு" என்பாள், சுவரைப் பார்த்து. ரேடியோ வந்து சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைப்பாள். கொழுந்தன் வேலைக்குப் போவான், வருவான், இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் டிவியைப் பார்ப்பான்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது ரேடியோவிடம் நேராகவே கேட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. யாரோ வழி கேட்ட மாதிரி பதில் சொன்னாள்.

"தூங்கினேன் பெரியத்தை. அது எனக்குத் தெரியும். கை நின்னுச்சா நிக்கலையான்னுதான் தெரியல. உள்ள வந்தப்ப என் கையைப் பாத்தீங்களான்னு தம்பிகிட்ட கேட்டேன். அண்ணன் முகத்தைத்தான் பாத்தேன்னார். எல்லாரும் முகத்தைத்தான் பாத்திருக்காங்க."

அப்புறம் அவள் பேச்சு நின்றது. துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்கு ஒரு சூடு இருக்கும். இது கரண்ட் போன வீடு.

கீழ் வீட்டில் குடியிருந்த அம்மாள் ஒரு ஆராய்ச்சிக் கட்டடத்தில் கேன்டீன் நடத்துகிறவள். "அங்க உட்கார ஆள் கேக்கறாங்க, போறியா?" என்று ரேடியோவைக் கூட்டிக்கொண்டு போனாள். கம்ப்யூட்டரைக் கையால் தொடாமல், எதைப் பார்க்கிறோமோ அதைக் கண்ணாலேயே காட்டி, கையை மடக்கினால் அது எடுத்துக்கொள்கிற மாதிரி மிஷின் செய்கிறார்களாம். திரைக்குக் கீழே கண்ணைப் பார்க்க ஒரு கேமரா, மேஜைக்கு மேலே கையைப் பார்க்க ஒரு கேமரா. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதற்குப் பொறுப்பு. அவள் விளக்கியதை ரேடியோ எனக்கு அப்படியே சொன்னாள்.

"அக்கா, நீங்க எதுவும் செய்ய வேண்டாம். அதான் வேலை."

"எதுவும் செய்யாம இருக்கவா கூப்பிட்டீங்க?"

"ஆமாக்கா. எடு, போடு, திறன்னு கை காட்டற ஆளுங்க நிறைய இருக்காங்க. ஆனா மனுஷங்க மூக்கைச் சொறிவாங்க, கையை நீட்டி முறிப்பாங்க. அதையும் உத்தரவுன்னு மிஷின் நினைச்சுக்குது. சும்மா இருக்கற கை எப்படி இருக்கும்னு அதுக்குக் காட்டணும். சும்மா இருக்கற ஆளுதான் கிடைக்க மாட்டேங்கறாங்க. அஞ்சு நிமிஷத்துல போனை எடுத்துடறாங்க."

பழைய ரேடியோவாக இருந்தால், "எங்க கொழுந்தனை அனுப்பறேன், ஞாயித்துக்கிழமை பூரா வந்து பாடம் நடத்துவார்" என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. உட்கார்ந்தாள்.

முதலில் கண்ணுக்கு ஒரு சோதனை உண்டு. திரையில் ஒரு புள்ளி நகரும், கண் அதன் பின்னாலேயே போக வேண்டும். மற்றவர்களுக்குக் கண் அங்கே இங்கே தாவுமாம். யார் வருகிறார்கள், மணி என்ன என்று. இவளுக்குத் தாவவில்லை. புள்ளி நின்றால் கண்ணும் நின்றது. "உங்களை மாதிரி ஒரு கண்ணை நான் பாத்ததில்லைக்கா" என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டாள். உள்ளே இருந்து இழுக்க ஒன்றும் இல்லாத கண் என்று அவளுக்கு யார் சொல்வது. தினமும் வரச் சொல்லிவிட்டாள்.

இப்படியே போனது. காலையில் பஸ், நாற்காலி, மேஜையில் வைத்த கை, ஒன்றுமில்லாத திரை, சாயங்காலம் பஸ். வீட்டில் இருப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை, இங்கே ஏசி இருந்தது என்றாள்.

ஒரு நாள் போனதும் அந்தப் பெண் தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நேத்து சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்க தூங்கிட்டீங்க."

ரேடியோ தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். வேலை போய்விட்டது என்று நினைத்தாள். அதுவும் பெரிதாகப் படவில்லை.

"ஐயோ, போகச் சொல்லலக்கா. தூங்கினது பரவாயில்ல. கைதான். கண்ணு மூடியிருக்குன்னு ஒரு கேமரா சொல்லுது. இன்னொரு கேமரா, எடு, எடு, எடுன்னு உத்தரவு வருதுன்னு சொல்லுது. மிஷின் குழம்பிப்போச்சு. நீங்களே பாருங்க."

திரையை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பாதியில் மூடின கண். மறு பாதியில் அவள் கை, கணுவுக்குக் கணு பச்சைப் புள்ளி வைத்து, கோடு போட்டு. அந்தக் கை காற்றைப் பிடித்து அமுக்கியது. விட்டது. அமுக்கியது. அவசரமே இல்லை. மூச்சு விடுகிற மாதிரி.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"நீங்க முழிக்கிற வரைக்கும்."

"நடுவுல நிக்கலையா?"

"இல்லக்கா. முழிச்சதும்தான் நிக்குது. எதுக்கு இப்படிப் பண்றீங்க? கையில ஏதாவது மரமரப்பா? டாக்டரைப் பாத்தீங்களா?"

ரேடியோ நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்கப்புறம் இன்னொரு தடவை.

அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்து "சாப்பாடு இருக்கு" என்ற தங்கையிடம், "அத்தை, நாளைக்கு என்கூட ஒரு இடத்துக்கு வரணும்" என்றாள். வெகு காலத்துக்கு அப்புறம் அவள் கேட்ட ஒரே விஷயம்.

"எதுக்கு?"

"கை பாக்க."

"எனக்கு மூட்டுக்கு மருந்து இருக்கு."

"உங்க கை இல்ல. என் கை."

தங்கை என்ன நினைத்தாளோ, மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் கிட்டே போனால் தானே திறந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஆள் யாருன்னு கேக்காமலே திறக்குது" என்றாள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "முழிச்சா கை நின்னுடுதும்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் படத்தைப் போட்டாள்.

அந்த அமுக்கலை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து பார்த்தவள். முடிகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெண்ணைக் கேட்டாள்:

"இது இப்ப எடுத்தது?"

"ஆமாம்மா, முந்தாநாள்."

"அன்னிக்கு எடுத்தது இருக்கா?"

"என்னிக்கு?"

அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கை கேட்டதில் தப்பு சொல்ல முடியாது. இன்றைக்கு அசைகிற கை அன்றைக்கும் அசைந்தது என்று எந்த மிஷின் சாட்சி சொல்லும்? ரேடியோவுக்கும் அது தெரியும். இருந்தாலும், "நான் இப்ப தூங்கறேன் அத்தை, நேராவே பாருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். தூக்கம் வருமா? மாமியார் எதிரே உட்கார்ந்து கையையே பார்க்கும்போது எந்த மருமகளுக்குத் தூக்கம் வரும்? மேஜையில் கை கழற்றிப் போட்ட கையுறை மாதிரி கிடந்தது. மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு, "வா, போகலாம்" என்றாள் தங்கை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் தங்கை, பக்கத்தில் ரேடியோ. வெயில். பாலம் தாண்டினதும் ரேடியோவின் தலை சாய்ந்து தங்கை தோளில் வந்து விழுந்தது. தள்ளிவிடலாமா என்று நினைத்ததாகத் தங்கையே என்னிடம் சொன்னாள். அதற்குள் கையும் நழுவி, மடியில் இருந்த தங்கையின் மணிக்கட்டின் மேல் விழுந்தது. விழுந்து கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.

அப்புறம் பிடித்தது. அமுக்கியது. விட்டது.

மூட்டுவலி மணிக்கட்டு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் தோள் வரைக்கும் வலி ஏறியது. தங்கை அசையவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தது, நீலப் போர்டு வைத்த மருந்துக்கடை தெரிந்தது, பின்னால் போயிற்று.

கண்டக்டர் வந்தார். "அம்மா, உங்க டிக்கெட் அங்கேயே முடிஞ்சுபோச்சு."

"இன்னும் தூரத்துக்குக் குடுப்பா."

"எங்க இறங்கணும்?"

"பஸ் எங்க வரைக்கும் போகும்?"

"டெப்போ வரைக்கும். அங்க உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?"

"நீ டிக்கெட்டைக் குடு, சத்தம் போடாதே. ஆளு தூங்குது தெரியல?"

"மகளா?"

தங்கை மடியிலிருந்த வலது கையை எடுக்கவில்லை. இடது கையாலேயே சில்லறையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

டெப்போவில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்த குலுக்கலில் ரேடியோ விழித்தாள். கை நின்றது. அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"எங்க அத்தை வந்துட்டோம்?"

"கடைசிக்கு."

"எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பினா நின்னுடும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே."

இரண்டு பேரும் இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காகத் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். தங்கைக்கு வலது மணிக்கட்டு மரத்துப் போய்ப் பையைப் பிடிக்க முடியவில்லை. ரேடியோ வாங்கி வைத்துக்கொண்டாள்.

"அங்க நின்னு ரெண்டு பேரும் அழுதீங்களா?" என்று பின்னால் நான் கேட்டேன்.

"இல்ல பெரியத்தை" என்றாள் ரேடியோ. "பஸ் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தோம்."