அக்னஸ் எண்ணிய பன்னிரண்டு துணிகள்

தலைநகரின் லக்ஷ்மிபாய் நகரில் அக்னஸுக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் மூன்று ஜீவன்கள் இருந்தன. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்த அக்னஸ், அரசாங்க ஜீப் ஓட்டிய அவள் அண்ணன் ஞானசீலன், ஏழு மாத நாய்க்குட்டி பிஜிலி. 1983 ஆகஸ்டில், ஒரு திங்கட்கிழமை காலை, பிஜிலி வாந்தி எடுக்க ஆரம்பித்தது.

வயிற்றுக் கோளாறு என்று நினைத்து, அக்னஸ் இரண்டு நாள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூனால் புகட்டினாள். மூன்றாம் நாள் அதுவும் வயிற்றில் தங்கவில்லை. ட்யூட்டி முடிந்து வந்தவள் உடையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, குட்டியின் வயிற்றை விரல் நுனியால் அமுக்கிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அண்ணே, உள்ள கட்டையா என்னமோ கெடக்கு. எதைத் தின்னுச்சு இது?"

ஞானசீலன் சுவரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில் சுட்ட மக்காச்சோளம் வாங்கித் தின்றுவிட்டு, கட்டையைக் குட்டிக்கு விளையாடப் போட்டவர் அவர்தான். அது கடித்து விழுங்கியதைப் பார்த்தும், தங்கை திட்டுவாளே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். இப்போது சொன்னார்.

அக்னஸ் திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே. போய் ஆட்டோ பிடிங்க, ஜல்தி."

பக்கத்திலிருந்த கோட்லாவில் க்ளினிக் வைத்திருந்த கால்நடை டாக்டர் சாஹனி, குடலைத் திறந்துதான் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பிழைக்காது என்றார். செலவு தொள்ளாயிரம் ரூபாய். கிறிஸ்மஸுக்குத் தூத்துக்குடி போவதற்காக அவள் சேர்த்திருந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது. ஆனால் கம்பவுண்டர் லீவில் போயிருந்தான். கூட நிற்க ஆள் இல்லாமல் எப்படிச் செய்வது என்று டாக்டர் தயங்கினார்.

"மே கரூங்கீ, டாக்டர் சாப்," என்று, தானே கூட நின்று செய்வதாகச் சொல்லிவிட்டு அக்னஸ் கைகழுவப் போய்விட்டாள்.

ஞானசீலனுக்கு விளக்குப் பிடிக்கும் வேலை. மேசையில் மயங்கிக் கிடந்த குட்டியைப் பார்க்கப் பயந்து தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் ஒற்றும் துணிகளை முதலில் சத்தமாக எண்ணி அடுக்கினாள். பன்னிரண்டு. டாக்டர் கேட்குமுன் கத்தரி அவர் கையில் இருந்தது. கட்டை வெளியே வந்தது. குடலைத் தைத்தாயிற்று. வயிற்றை மூட வேண்டியதுதான் பாக்கி.

அவள் ஊசியைக் கொடுக்கவில்லை. உபயோகித்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு எண்ணினாள். பதினொன்று. வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். மறுபடி எண்ணினாள். பதினொன்று.

தான் எதையும் உள்ளே விடவில்லை, மயக்கம் தெளியும் நேரம், ஊசியைக் கொடு என்று டாக்டர் இந்தியில் சத்தம் போட்டார். குட்டியின் பின்னங்கால் லேசாக அசைந்தது. ஞானசீலனின் கையில் விளக்கு ஆடியது.

"பிள்ள, குடுத்துரு. டாக்டருக்குத் தெரியாதா?"

"நீங்க விளக்கை ஆட்டாம பிடிங்க," என்றாள் அவரைப் பார்க்காமலே. பிறகு டாக்டரிடம் தாழ்ந்த குரலில், "ஒன்று குறைகிறது. எண்ணிக்கை சரியாகாமல் எங்கள் தியேட்டரில் மூட மாட்டோம்" என்று இந்தியில் சொன்னாள்.

டாக்டர் முணுமுணுத்தபடி மீண்டும் கையை உள்ளே விட்டார். ஈரலுக்கு அடியில், ரத்தத்தோடு ரத்தமாகச் சுருண்டு கிடந்த துணியை வெளியே எடுத்தார். பன்னிரண்டாவதாக அதை மற்றவற்றோடு போட்டார். அப்புறம், "ஊசி, சிஸ்டர்" என்றார். அதுவரை அவளை அவர் அப்படிக் கூப்பிடவில்லை.

மறுநாள் கீழ்வீட்டு பாலசுப்ரமணியம் படியில் வழிமறித்தார். "நாய்க்குத் தொள்ளாயிரமா, நர்ஸம்மா? அந்தக் காசுல ஒரு சைக்கிள் வாங்கிருக்கலாமே."

"சைக்கிள் வாலாட்டாதே சார்."

சிரித்துக்கொண்டு சொன்னாளே தவிர, அவள் ராத்திரிகளில் சரியாகத் தூங்கவில்லை. தைத்த குடல் வேலை செய்கிறதா என்பது வெளிக்குப் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாளாக ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மோர்த் தண்ணீர் நக்கியது, அவ்வளவுதான். நாலாம் நாள் விடியற்காலை ஞானசீலன் குட்டியை நிதானமாகப் பார்க்குக்கு நடத்திப்போனார். வேலி ஓரத்தில் அது வட்டமடித்து உட்கார்ந்தது. ஐம்பது வயதில் அவர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி ஓடினார்.

"பிள்ள, போயிட்டுது. வெளிக்குப் போயிட்டுது."

யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டிருந்த அக்னஸ் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் கேட்டாள்: "என்ன கலர்? ரத்தம் இருந்துச்சா?"

அவர் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளே கீழே இறங்கினாள்.